அம்மாவை உட்காரவைத்த ஆண்டுகள்

என் அம்மாவை உட்காரவைத்தது நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. என் தம்பி வேண்டாம் என்றுதான் சொன்னான். என் கணவர் வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. அம்மா முதலில் சிரித்தாள், பிறகு கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பி.டி. டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தருமபுரி மாவட்டத்தின் அரசுப் பள்ளிகள் மூன்றில் மாறி மாறி இருந்திருக்கிறேன். குண்டு எறியவும் கபடி ஆடவும் பெண்பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். எந்தச் சதை எங்கே இருக்கிறது, அது எப்படி வளரும், எப்படி வற்றும் என்பதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்கினேன். அதனால்தான் இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊர் காரிமங்கலத்திலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருந்தாள். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், இரண்டு மாடு, எண்ண முடியாதபடி திரியும் கோழிகள். மழை பெய்தால் ராகி, அதற்குள்ளேயே அவரையும் துவரையும் ஊடுசால். மழை ஏமாற்றினால் கொள்ளு. காலையில் பால் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடந்து போய் ஊற்றிவிட்டு வந்துதான் வாயில் தண்ணீர் படும். அப்போது அவளுக்கு எழுபது தாண்டியிருந்தது. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவரை உரிப்பாள். யாராவது கூப்பிட்டால் கையை எங்கும் ஊன்றாமல் நேராக எழுந்து நிற்பாள். நான் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது கண்ணை மூடினால் அது ஒன்றுதான் தெரிகிறது.

நூறு நாள் வேலை வந்ததிலிருந்து அதற்கும் போவாள். பக்கத்து வீட்டில் அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வருஷம் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். நாங்கள் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவோம். சின்னம்மாவும் அம்மாவும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பேசியபடியே ஏரிக்கரைக்குப் போவார்கள். காசுக்காக என்று சொல்ல முடியாது. அங்கே நாலு பேரைப் பார்க்கலாம், பேசலாம், சிரிக்கலாம்.

ஒருநாள் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார். "டீச்சர், நேத்து பஸ்ல வரப்ப உங்க அம்மாவ ஏரி வேலைல பாத்தனுங்க. தலைல மண்ணு கூடை. இந்த வயசுலயுமா வேலைக்கு அனுப்பறீங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் "அனுப்பறீங்க" என்ற அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. அறையில் இருந்த மற்றவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மகளும் மகனும் சம்பாதிக்க, தாய் மண் சுமக்கிறாள் என்று எல்லோரும் நினைப்பதாக எனக்குத் தோன்றியது. அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போனேன்.

அம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னம்மா கூட இருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். "போதும்மா. மாட்ட வித்துடலாம். நிலத்த யாருக்காவது வாரத்துக்கு வுட்டுட்டு எங்கூட தருமபுரி வந்துடு."

"எதுக்கு பாப்பா? நான் நல்லாத்தான இருக்கறன்?"

"நீ ஒழச்சது போதும். இனிமே ஒக்காந்து சாப்புடு."

அம்மா சிரித்தாள். "ஒக்காந்து சாப்புட எனக்கு என்னா நோவா வந்துருக்குது?"

சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவ அங்க வந்து என்னா பண்ணுவா, டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சின்னம்மா. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறன்" என்றேன், பெருமையாக.

தம்பி ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். போனில் சொன்னபோது, "அக்கா, அவங்க அங்கயே இருக்கட்டுமே. நாம அடிக்கடி போய்ப் பாத்துக்கலாம்" என்றான். தாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து நழுவுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். "உனக்கு வசதியா இருக்கும்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மாடுகளை வாங்கியவர்கள் ஓட்டிக்கொண்டு போன அன்று அம்மா வாசலுக்கு வரவில்லை. கோழிகளைச் சின்னம்மாவிடம் விட்டோம். ஒரு பையில் சேலைகள், ஒரு தூக்கில் கொள்ளு, அவ்வளவுதான் அவள் எடுத்துக்கொண்டது.

தருமபுரி வீட்டில் அவளுக்குத் தனி அறை கொடுத்தேன். புதுக் கட்டில், புது மெத்தை, டிவிக்கு எதிரே சாய்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் சோபா. பெருக்கித் துடைக்க வேலைக்கார அம்மா ஒருவர் வருவார். துணிக்கு மெஷின். அம்மா நாலரை மணிக்கே எழுந்துவிடுவாள். எழுந்து, செய்ய ஒன்றும் இல்லாமல், விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். நான் ஆறு மணிக்கு எழுந்து வந்து, "ஏன் இந்நேரத்துக்கே எந்திரிச்சிட்ட? படுத்துத் தூங்கு" என்று அதட்டுவேன்.

முதல் மாதங்களில் அவள் எப்படியாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வாள். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் வாசலைக் கழுவியிருப்பாள். மெஷினில் போட வேண்டிய துணியைக் கையாலேயே அலசிக் காயப்போட்டிருப்பாள். ஒருமுறை வீட்டுக்குப் பின்னால் இருந்த நாலடி மண்ணைக் கொத்திக் கீரை விதைத்திருந்தாள். கடப்பாரையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருக்கிறாள். அன்று அவளிடம் சத்தம் போட்டேன்.

"பக்கத்து வூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? வயசான அம்மாவ வேல வாங்கறான்னு பேச மாட்டாங்களா?"

"நானா செய்றது வேல வாங்கறதா?" என்றாள் அம்மா.

"எனக்காகவாவது சும்மா இரும்மா."

எனக்காக என்று சொன்னதும் அடங்கிவிட்டாள். கீரை முளைத்து, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்தது. பிறகு அந்த இடத்தில் சிமெண்ட் போட்டோம்.

சாப்பாட்டையும் நானே மாற்றினேன். ஊரில் அவள் சாப்பிட்டது ராகிக் களி, கொள்ளுக் கடைசல், அவரைக் குழம்பு, கோழி இட்ட முட்டை, ஞாயிற்றுக்கிழமை கறி, காய்ச்சியதும் ஒரு சொம்புப் பால். இங்கே வந்ததும் களி செரிக்காது என்றேன், முட்டை கொழுப்பு என்றேன், கொள்ளு சூடு என்றேன். இட்லி, ரசம் சாதம், டீ, டீக்குத் தொட்டுக்கொள்ள பிஸ்கட். பசிக்கவில்லை என்று அவள் அரை இட்லியை வைத்துவிட்டால், வயதானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே தட்டை எடுத்து வைத்துவிடுவேன். காலையிலிருந்து எழுந்து நடக்காதவளுக்குப் பசி எங்கிருந்து வரும்? அதை யோசிக்கவில்லை.

வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். "உங்கம்மா வெளுத்து அழகா ஆயிட்டாங்க. மவ ராணி மாதிரி வெச்சிருக்கறா" என்றார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அம்மாவும் குண்டாகித்தான் தெரிந்தாள். ஒரு பொங்கலுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது தையல்காரப் பெண் அளவெடுத்துக்கொண்டே, "வயித்துப் பக்கம் பிடிக்குது, கைப் பக்கம் தொளதொளன்னு இருக்குதுங்களே" என்றாள். கேன் தூக்கிய கை. தோளிலிருந்து முழங்கை வரை வெறும் தோல் தொங்கியது. அதையும் பார்த்துவிட்டு, "கைய மட்டும் சின்னதாப் பிடிச்சுக் குடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தனைக்கும் அதே வருஷம் என்னிடம் பயின்ற ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்ததும் ஒரு கால் மற்றதில் பாதியாக இருந்தது. அவள் அழுதாள். நான் அவளை மைதானத்து ஓரம் உட்காரவைத்து, "இது நோவு இல்ல கண்ணு. வேல இல்லாததால சதை எளச்சிடுச்சு. வேல குடுத்தா திரும்ப வரும்" என்று சொல்லி, தினமும் படியேறவைத்து, இரண்டு காலையும் ஒன்றாக்கினேன். அவளிடம் அப்படிச் சொன்ன அன்று மாலையே வீட்டுக்கு வந்து, சோபாவிலிருந்து எழ முயன்ற அம்மாவைப் பார்த்து, "நீ எதுக்கு எந்திரிக்கற, நான் தண்ணி கொண்டாறன்" என்றேன். இரண்டும் ஒரே நாளில் நடந்தது. எனக்குள் எதுவும் இடிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் அரூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் மரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் உட்கார, அம்மாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். குழந்தைக்கு விபூதி பூசி, காசு வைத்து ஆசீர்வாதம் செய்தாள். எல்லோரும் எழுந்து பந்திக்குப் போனபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையை ஊன்றினாள். இரண்டு கையையும் ஊன்றினாள். முழங்கால் போட்டுப் பார்த்தாள். பின்பக்கம் கொஞ்சம் மேலே வந்து, மறுபடி தரையில் விழுந்தது. கடைசியில் இரண்டு ஆண்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

"பாய்ல பசை போட்டு வெச்சிட்டாங்க போல" என்று அம்மா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். காரில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள்.

அடுத்த வாரம் நான் செய்தது என்ன தெரியுமா? அவள் தரையில் உட்காரும் தேவையே இல்லாதபடி செய்தேன். பூஜை அறையில் ஸ்டூல் போட்டேன். கழிவறையை மாற்றினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை வைத்து எல்லாம் கைக்கெட்டும்படி அடுக்கினேன். ஒவ்வொன்றையும் செய்து முடித்தபோது நல்ல மகள் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அவள் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவர் வேலைக்குப் போயிருந்தார், வேலைக்கார அம்மா பத்து மணிக்கே முடித்துவிட்டுப் போயிருந்தார். மண்டலப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்ததால் நான் வர மணி நாலரை ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் டிவி ஓடுகிற சத்தம். அம்மா சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே டைல்ஸில் ஒருக்களித்துக் கிடந்தாள். சேலை நனைந்திருந்தது.

"அம்மா!"

"ஒண்ணும் இல்ல பாப்பா. ரிமோட்டு கீழ வுழுந்துச்சு. எடுக்கப் போனன். ஒக்காந்துட்டன்."

"எப்ப?"

"பாலு பொங்கற சீரியலு முடிஞ்சப்ப."

அது பதினொரு மணிக்கு முடியும். ஐந்தரை மணி நேரம் அவள் அங்கேயே கிடந்திருக்கிறாள். முதலில் எழுந்திருக்க முயன்றிருக்கிறாள், பிறகு தவழ்ந்து கதவுப் பக்கம் போகப் பார்த்திருக்கிறாள். அதுவும் முடியாமல் விட்டுவிட்டாள். கூப்பிடவில்லையா என்று கேட்டேன். "ஈரச் சேலையோட கெடக்கறன், யாரக் கூப்புடறது?" என்றாள்.

எலும்பு முறிந்திருக்கும் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு விரிசல்கூட இல்லை. மருத்துவர் சின்ன வயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்குதுங்க" என்றார்.

"அப்புறம் ஏங்க எந்திரிக்க முடியல?"

அவர் அம்மாவின் சேலையை முழங்காலுக்கு மேல் விலக்கி, தொடையை ஒரு கையால் பிடித்தார். அவருடைய விரல்கள் முக்கால்வாசி சுற்றிவிட்டன. "இங்க சதையே இல்லைங்களே" என்றார். அம்மாவைப் பார்த்து, "ஆயா, வூட்ல என்ன வேல செய்வீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்ய மாட்டன் கண்ணு. எம் பொண்ணு செய்ய வுடாது" என்றாள் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னாள்.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். வயதாக ஆக சதை தானாகவே குறையும், வேலையும் சத்துள்ள சாப்பாடும் இல்லாவிட்டால் மிக வேகமாகக் குறையும், சதை போய்விட்டால் ஒரு காய்ச்சல் வந்தால்கூடத் தாங்குவது கஷ்டம் என்று பொறுமையாக விளக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து எழவைக்க வேண்டும், நடக்கவைக்க வேண்டும், முட்டை, பருப்பு, பால் எல்லாம் கொடுக்க வேண்டும். பேச்சோடு பேச்சாக, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"பி.டி. டீச்சருங்க."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு நொடியை நான் இன்னும் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்களை மட்டும் நினைத்தால் மனசு கொஞ்சம் ஆறும். சோபாவை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து கெட்டியான மர நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டேன். பள்ளிக்குப் போவதற்கு முன் ஒருமுறை, வந்த பிறகு ஒருமுறை. முதல் நாள் நான் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கியும் மூன்று முறைதான் எழ முடிந்தது. தொடை நடுங்கியது. "புள்ளைங்கள இப்டித்தான் வாட்டுவியா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"இதவிட அதிகமா."

"பாவம் அதுங்க."

ஆனால் அவள் விடவில்லை. உழைத்த உடம்பு எதையும் முழுசாக மறந்துவிடுவதில்லை போலிருக்கிறது. களி கேட்டாள், கிண்டிக் கொடுத்தேன். காலையில் இரண்டு முட்டை, மதியம் கொள்ளோ அவரையோ, ஒருநாள் விட்டு ஒருநாள் கறியோ மீனோ. பசிக்கிறது என்று அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். மூன்று ஐந்தானது, ஐந்து எட்டானது. ஒருநாள் காலை நான் சமையலறையில் இருந்தபோது, "பாப்பா, இங்க வா" என்று குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, கையை எங்கும் பிடிக்காமல், எழுந்து நின்றாள். மாநில அளவில் பரிசு வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள் எனக்கு. அன்று அழுததுபோல நான் அதற்கெல்லாம் அழுததில்லை.

அடுத்த வாரங்களில் தெருமுனைக் கடைவரை நடந்து போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தாள். மாடிப்படி ஏறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்.

"இப்பதான் நடக்கறன் இல்ல. ஒரு மாசம் என்ன ஊர்ல வுடு. அவரைக்கா காய்க்கற நேரம். உன் சின்னம்மா இருக்கறா, பாத்துக்குவா. ஒரு மாசம் இருந்துட்டு வந்துடறன்."

இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். முதல் தடவை செய்த தப்புக்கு வெட்கம் காரணம். இந்தத் தடவை பயம். டைல்ஸில் ஈரச் சேலையோடு கிடந்தவள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"வேண்டாம்மா. அங்க மேடு பள்ளம். வுழுந்துட்டா யாரு தூக்கறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இங்க வுழுந்தப்ப யாரு தூக்கனாங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நியாயமான கேள்விக்கு வருகிற கோபம். "உனக்காக நான் எவ்ளோ பாடுபடறன், அதப் பாக்க மாட்டியா?" என்று கத்திவிட்டு எழுந்து போனேன். அவள் திரும்பக் கேட்கவே இல்லை.

அதிலிருந்து நாற்காலிப் பயிற்சி குறைந்தது. எட்டு ஐந்தானது. ஒருநாள் நான் வற்புறுத்தியபோது, "எந்திரிச்சு எங்க போவப்போறன்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் அதற்கு, "சொல்றதச் செய்மா, உன் நல்லதுக்குத்தான்" என்றேன். குண்டு எறியும் பிள்ளையைக்கூட, போட்டியே கிடையாது, வெறுமனே எறிந்துகொண்டிரு என்று சொன்னால் எத்தனை நாள் எறிவாள்? அதுவும் எனக்குத் தெரியும்தான்.

பிறகு ஊரெங்கும் ஒரு காய்ச்சல் வந்தது. மூட்டு மூட்டாக வலிக்கிற காய்ச்சல். எங்களுக்கும் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டது. அம்மாவை மூன்று வாரம் படுக்கையில் போட்டது. காய்ச்சல் விட்ட அன்று நாற்காலியில் உட்காரவைத்து, "எங்க, ஒண்ணே ஒண்ணு" என்றேன். என் கையைப் பிடித்தாள். முகம் இறுகியது. உடம்பு அசையவே இல்லை. மூன்று மாதத்தில் சேர்த்தது மூன்று வாரத்தில் போய்விட்டது. மறுபடி ஆரம்பிக்கலாம் என்று மருத்துவர் சொன்னார், பயிற்சி கொடுக்க ஆளும் ஏற்பாடு செய்தோம். அம்மாவுக்கு ஆசை இல்லை. நாளாக ஆகப் புரண்டு படுக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது.

அப்போதுதான், கேட்க வேண்டிய நேரமெல்லாம் போன பிறகு, "ஊருக்குப் போலாமாம்மா?" என்று நானாகக் கேட்டேன். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

தம்பி ஓசூரிலிருந்து கார் எடுத்து வந்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வரப்பு வழியே நடந்தான். நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். வாரத்துக்கு விட்டிருந்த நிலத்தில் ராகி அறுத்து முடிந்து அவரை மட்டும் நின்றது. நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தோம். சின்னம்மா தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள். கட்டைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

அம்மா அவரைக் கொடியை நோக்கிக் கையை நீட்டினாள். எட்டவில்லை. முன்னால் சாய வலு இல்லை. சின்னம்மா கொடியை இழுத்து அவள் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஒரு காயைக் கிள்ளினாள், நகத்தால் பிளந்து பார்த்தாள். "முத்திடுச்சு" என்றாள். "போன வாரமே பறிச்சிருக்கணும்."

"ஆளு வேணுமில்ல" என்றாள் சின்னம்மா. இருவரும் காயைப் பற்றியும், கன்று போட்ட மாட்டைப் பற்றியும், செத்துப்போன யாரோ ஒருத்தரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பியும் நானும் தள்ளி நின்றோம். ஒருமணி நேரத்துக்கு மேல் அம்மாவால் உட்கார முடியவில்லை.

கிளம்பும்போது சின்னம்மா என்னைத் தனியாக நிறுத்தினாள். "நல்லா இருந்தப்ப ஒரு மாசம் வுட்டிருக்கலாமே, டீச்சரம்மா. நான் பாத்துக்க மாட்டனா?" என்றாள். அம்மா அவளிடம் போனில் சொல்லியிருக்கிறாள், ஒரு மாசம் வரப்போகிறேன் என்று. என்னிடம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டிருக்கிறாள். கட்டில்கூடக் கயிறு இழுத்துக் கட்டி வைத்திருந்தாளாம் சின்னம்மா.

இரண்டு மாதம் கழித்து நெஞ்சில் சளி கட்டி அம்மா போய்விட்டாள். இருமித் துப்பக்கூட உடம்பில் பலமில்லை என்றார்கள்.

ஊருக்குத்தான் எடுத்துப் போனோம். குளிப்பாட்டும்போது நாலு பெண்கள் தூக்கத் தயாராக நின்றார்கள். இரண்டு பேரே போதுமானதாக இருந்தது. சின்னம்மா காலுக்கு மஞ்சள் பூசினாள். கெண்டைக்கால் இருந்த இடத்தில் அவள் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பாதத்துக்குப் போனது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள். "கடைசி காலத்துல ஒரு கொறையும் இல்லாம வெச்சிருந்த. ஒரு துரும்பக்கூடத் தூக்க வுடல. அவ புண்ணியம் பண்ணவ."

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்ல முடியும்?

காரியம் முடிந்து தம்பியின் காரில் தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரிமங்கலம் சந்தை நாள், சாலையில் நெரிசல். வண்டி நின்றது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "நீ வேண்டாம்னு சொன்ன. நான்தான் கேக்கல. அவங்கள நான்தான் ஒக்காரவெச்சு ஒக்காரவெச்சே..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றேன்.

தம்பி வண்டியை அணைத்தான். "எனக்கும் தெரிஞ்சுதுக்கா" என்றான். "ஒவ்வொரு பொங்கலுக்கு வரப்பவும் பாப்பன். கொஞ்சங் கொஞ்சமா எளச்சிட்டே வந்தாங்க. சொன்னா நீ சண்டைக்கு வருவ, அப்புறம் நீயே கூட்டிட்டுப் போய் வெச்சுக்கன்னு சொல்லுவ. எங்க வூடு மூணாவது மாடி. அதனால சொல்லல."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.